பெண் தொடாத பதக்கம்

அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தானே அக்கா சிரிச்சீங்க? பரவாயில்லை, நல்லாச் சிரிங்க. தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர் என் சித்தப்பா ஏகாம்பரம். மீசை அவருடையது இல்லை, கம்ப்யூட்டரில் வைத்தது. பக்கத்தில் ஒரு சிங்கத்தை ஒட்டியிருக்கிறார்கள் பாருங்க, ஓரம் பிய்ந்து தொங்குகிறது. முதலில் அங்கே சிங்கம் கிடையாது. சிங்கத்துக்கு அடியில் ஒரு பதக்கம் இருக்கிறது. ஜப்பான் பதக்கம். அந்தப் பதக்கத்தால்தான் எனக்கு ஒரு வாரமாக வயிறு எரிகிறது.

லாரி குறுக்கே நிற்கிறது, இந்த பஸ் இப்போதைக்கு நகராது. நீங்க கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். நான் அப்படித்தான். என் பேர் மோனிஷா. பள்ளிக்கூடம் போகவில்லை, பன்னிரண்டாவதில் நின்றுவிட்டேன். பக்கவாதத்தில் படுத்த அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நின்றேன் என்று ஊரில் உருகுவார்கள். அதெல்லாம் பொய். எனக்கு வேதியியல் பிடிக்கவில்லை. பரீட்சை நடந்தபோது அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வீட்டில் ஆள் இல்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் ஆள் இருந்திருந்தாலும் நான் ஃபெயில்தான் ஆகியிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் சிப்பாய் வீடு என்று பேர். என் கொள்ளுத்தாத்தா வேதகிரி மலேயாவுக்கு ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போனவர். அங்கே சண்டை வந்ததும் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்தார், பர்மா காட்டில் சண்டை போட்டார், அவர் வீரத்தைப் பார்த்து ஒரு ஜப்பான் ஜெனரல் தன் சட்டையிலிருந்த பதக்கத்தையே கழற்றி அவருக்குக் குத்திவிட்டார். இது கதை. சித்தப்பா சொன்னால் இதில் ஒரு பாலமும் வெடிக்கும். இரண்டு குவார்ட்டருக்குப் பிறகு சொன்னால் புலியும் வரும். அப்பா மட்டும் வேறு மாதிரி சொல்லுவார். "எங்க தாத்தாவுக்குத் துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. ஆனா சோறு வடிச்சா ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா நிக்கும்." அப்பாவுக்கு வாய் கோணிப்போன பிறகு சொன்னது என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆடி மாசம் எங்கள் செல்லியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது சிப்பாய் வீட்டு மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் முதல் மரியாதை. பட்டுத் துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டி, அதன் மேல் நெற்றிக்கு நேராக அந்தப் பதக்கத்தைக் குத்துவார்கள். அவர் முன்னால் நடப்பார். மேளம் அவருக்குப் பின்னால், கூழ்ப்பானை தூக்கும் பெண்கள் மேளத்துக்குப் பின்னால். பெண்கள் பதக்கத்தைத் தொடக்கூடாது. தொட்டால் வீரம் போய்விடுமாம். பூஜை சாமானெல்லாம் தேய்ப்பது நாங்கள். குத்துவிளக்கு, மணி, தட்டு, தர்மகர்த்தா துப்புகிற எச்சில் சொம்பு வரைக்கும் நாங்கள்தான். பதக்கத்தை மட்டும் ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் தெரியுமா? வருஷா வருஷம் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்து, அப்படியே டப்பாவில் போட்டு மூடினார்கள். ஒருத்தர்கூடக் கழுவினது இல்லை. பதக்கம் ஒரு வடை மாதிரி இருந்தது.

அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு ஆடிக்கும் சித்தப்பாதான் பரிவட்டம் கட்டிக்கொண்டார். "தற்காலிகமா, அண்ணி," என்றார். பதக்கம் எடுக்க வருவார், பதக்கம் வைக்க வருவார். நடுவில் அப்பாவைப் பார்க்க வந்ததில்லை. மூத்திர நாற்றம் அவருக்கு ஆகாதாம். மார்கழியில் அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் சாப்பிட்ட இலையை மடிக்கும்போதே சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். "மூத்தவன் பரம்பரையில ஆம்பளப் புள்ள இல்ல. இனிமே மரியாதை எங்க பக்கம்தான் வரணும்."

எனக்குப் பரிவட்டத்தின் மேல் ஆசை கிடையாது, அக்கா. அது வெறும் துணி. வேர்க்கும். ஆனால் அதைச் சித்தப்பா தலையில் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். அதனால் ஆனி மாசம் கோயிலில் கூட்டம் போட்டபோது நான் எழுந்து சொன்னேன். "எங்க அப்பாவுக்கு நான்தான் வாரிசு. எனக்குக் கட்டுங்க."

தர்மகர்த்தா துளசிங்கம் சிரித்தார். கெட்டவர் இல்லை, எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "நீ ஒக்காரு கண்ணு. இது வேல வாய்ப்பு முகாம் இல்ல."

சித்தப்பா எழுந்தார். கையில் அவர் பையன் தீபக்கின் போன். போன ஆடியிலேயே பதக்கத்தைப் படம் பிடித்து, மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டிருக்கிறார்கள். சந்தனம் உதிர்ந்த பக்கத்தில் பாதி எழுத்து தெரிந்திருக்கிறது. அதை வைத்து போன் சொன்னதாம்: 'மகா ஜப்பான் நாட்டுப் பாதுகாப்பு'.

"நாட்டுப் பாதுகாப்பு," என்றார் சித்தப்பா, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி. "நாட்ட யாரு பாதுகாப்பா? பொம்பளயா? நடுவுல இருக்குது பாருங்க, பீரங்கிச் சக்கரம்."

"அது பூ," என்றேன்.

"சக்கரம்."

"அஞ்சு இதழ் இருக்குது. சக்கரத்துக்கு யாராவது இதழ் வெப்பாங்களா?"

"ஜப்பான்காரன் வெப்பான்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜப்பான்காரன் எதையும் செய்வான் என்பது எங்கள் பக்கத்தில் பொதுவான கருத்து. ஊரில் பாதிப் பேர் அவர்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். "பாதி எழுத்துதான தெரிஞ்சுது? மீதி சந்தனத்துக்குள்ள கெடக்குது. அதையும் படிக்கலாம். அதுல ஆம்பளைக்குத்தான்னு இருந்தா நான் வாய மூடிக்கறேன். எழுத்துல என்ன இருக்கோ அதுதான். படிக்கறதுக்கு நான் ஒரு ஜப்பான்காரரையே கூட்டிட்டு வரேன்."

நான் வேலை செய்வது ஒரகடத்தில் ஜப்பான் இன்ஜினியர்கள் தங்குகிற கெஸ்ட் ஹவுஸில். டீ கொடுப்பேன், படுக்கை விரிப்பேன், வெள்ளை ஏப்ரன் போட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தட்டு எடுப்பேன். ஜப்பான் பாஷை எனக்குத் தெரியாது. காலை வணக்கம், போதும், சூடு, இந்த மூன்றும் தெரியும். ஊர்க்காரர்கள் நான் அங்கே ஜப்பான் பிரதமரோடு பேசிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். நான் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அடக்கம் என்கிறார்கள்.

நிஜமான ஜப்பான்காரர் வருகிறார் என்றதும் தர்மகர்த்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுவும் செரிதான். எழுத்துல என்ன இருக்கோ அதும்படியே செய்வோம்," என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். சித்தப்பாவும் துண்டை உதறிக்கொண்டு ஒத்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மறுநாளே இந்த ஃப்ளெக்ஸ். 'ஜப்பான் பேரரசின் நாட்டுப் பாதுகாப்புப் பதக்கம் பெற்ற மாவீரர் வேதகிரியின் ஒரே வாரிசே.' ஒரே வாரிசாம். நான் அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

பதக்கம் இன்னும் எங்கள் வீட்டு சாமி அலமாரியில்தான் இருந்தது. ஜப்பான்காரர் வந்து வடையை எப்படிப் படிப்பார்? நான் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். ஆமாம், தொட்டேன். வீரம் போனதா வந்ததா தெரியவில்லை, நகத்துக்குள் சந்தனம்தான் போனது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து நின்றாள். என் அம்மா தேவகி ஒரு வாயில்லாப் பூச்சி. இருபது வருஷம் அந்த வீட்டில் இருந்தும் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தது கிடையாது. மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறாள், அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. இப்போது கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்க் கல்லுப்பு எடுத்து வந்தாள்.

"புளி மட்டும் போட்டா போவாது. உப்பு சேத்துத் தேயி," என்றாள். போய்விட்டாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது, பாத்திரம்.

எழுத்து முழுக்க வந்துவிட்டது. வட்டமாக, பூவைச் சுற்றி. நான் போனில் படம் பிடித்தேன். பளபளப்பில் போன் குழம்பிப்போய், ஒரு தடவை 'தண்ணீர் தொட்டி' என்றது, இன்னொரு தடவை 'வருத்தமான கடல்' என்றது. சரி, மனுஷனே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மோரி சார் எங்கள் கெஸ்ட் ஹவுஸில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். கம்பெனியில் காருக்கு அடித்த பெயின்ட்டில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நாள் பூராவும் புள்ளி பார்ப்பார், சாயங்காலம் வந்து குழம்பில் புள்ளி பார்ப்பார். அவரிடம் போனை நீட்டி, எங்கள் ஊருக்கு வந்து ஒரு பழைய பதக்கத்தைப் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் போனிலேயே பதில் தட்டினார். போன் தமிழில் பேசியது. "மிகுந்த மகிழ்ச்சி. மதிய உணவு காரமாக இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஊரே கோயிலில். மேளம், மாலை, பொன்னாடை. மைக்கில் தீபக், "ஜப்பான் ராணுவத்தின் சார்பாக வருகை தந்திருக்கும்" என்றான். நான் பக்கத்தில் போய், "பெயின்ட் பாக்கறவருடா," என்றேன். "ஜப்பான் ராணுவத்தின் பெயின்ட் பிரிவின் சார்பாக," என்று திருத்திக்கொண்டான். மோரி சார் எல்லாவற்றுக்கும் குனிந்து வணக்கம் வைத்தார். மேளக்காரருக்கும் வைத்தார், மைக் ஸ்டாண்டுக்கும் வைத்தார்.

தர்மகர்த்தா பதக்கத்தைத் தாம்பாளத்தில் எடுத்து வந்தார். சித்தப்பா அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "யாரு இதக் கழுவுனது?"

"நான்," என்றேன்.

"தொட்டியா?"

"தொடாம எப்பிடிக் கழுவறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மோரி சார் பதக்கத்தைக் கையில் எடுத்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, காரில் புள்ளி பார்ப்பது போலவே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு சுற்றி இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தன் போனை எடுத்து அதற்குள் ஜப்பான் பாஷையில் சொன்னார். தீபக் போனுக்கு நேராக மைக்கைப் பிடித்தான். ஒரு பொம்பளைக் குரல், கோயில் கூம்பு ஸ்பீக்கர் முழுக்க, செய்தி வாசிப்பது மாதிரி சொன்னது:

"மகா ஜப்பான் நாட்டுப் பாதுகாப்பு மகளிர் சங்கம்."

தீபக் மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னாது, மகளிர் சங்கமா?" என்றார் துளசிங்கம்.

பின்னால் பானை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் யாரோ, "நம்ம குழு மாதிரிங்களா?" என்றார்கள்.

மோரி சார் உற்சாகமாகிவிட்டார். தன் போனில் ஒரு பழைய படம் தேடி எடுத்துக் காட்டினார். வரிசையாகப் பெண்கள். வெள்ளை ஏப்ரன், குறுக்கே ஒரு பட்டை. நான் போடுகிற ஏப்ரன் மாதிரியே இருந்தது. அவருடைய பாட்டியிடமும் இந்த பேட்ஜ் இருந்ததாம். சண்டைக்குப் போகிற சிப்பாய்களை ஸ்டேஷனில் வழியனுப்பி, டீ கொடுத்து, துணி தைத்து அனுப்புகிற பெண்கள் சங்கமாம். இது அதில் உறுப்பினராக இருக்கிறவர் குத்திக்கொள்கிற பேட்ஜாம். வீரத்துக்குக் கொடுக்கிறது இல்லையாம். உங்கள் முன்னோருக்கு ஒருவேளை அங்கே ஓர் அம்மா அன்பாகக் கொடுத்திருக்கலாம் என்று போன் முடித்தது.

"எந்த அம்மா?" என்றார் ஒரு கிழவர்.

இந்தக் கேள்வி அப்படியே வரிசையாகப் பின்னால் போனது. எந்த அம்மா, எந்த அம்மா. பர்மா காடு, பாலம், புலி எல்லாம் ஒரே நிமிஷத்தில் காணாமல் போய், மலேயாவில் வேதகிரிக்கு ஒரு ஜப்பான் அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "ஜப்பான்ல பொம்பளைங்களும் சண்ட போட்டிருப்பாங்க," என்றார். "ஜெனரலே பொம்பளையா இருந்திருக்கலாம்."

நான் தர்மகர்த்தாவைக் கேட்டேன். "எழுத்துல இருக்கறபடி செய்வோம்னு சொன்னீங்க. மகளிர்னு இருக்குது. எனக்குக் கட்டுங்க."

துளசிங்கம் மோரி சார் கையிலிருந்த பதக்கத்தை வாங்கி, திரும்பத் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் தாம்பாளத்திலிருந்து பதக்கத்தை எடுத்து, அர்ச்சனைத் தேங்காய் வந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினார். "நாயந்தான் கண்ணு. பொம்பள பேட்ஜு, பொம்பளயே வெச்சுக்கோ. தாராளமா வெச்சுக்கோ."

"பரிவட்டம்?"

"பரிவட்டம் வேற, பதக்கம் வேற."

"எழுபது வருஷமா ரெண்டும் ஒண்ணுன்னுதான சொன்னீங்க?"

"அது ஆம்பள பதக்கமா இருந்தப்ப," என்றார். மனுஷர் சிரிக்கவே இல்லை, அக்கா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

ஆக, நான் ஜெயித்தேன், பரிவட்டம் சித்தப்பாவுக்கு. மோரி சாருக்குப் போட்ட கோழிக் குழம்பில் காரம் தூக்கலாக இருந்து, அழுதுகொண்டே சாப்பிட்டார். எங்கள் பரம்பரையை நினைத்து அழுகிறார் என்று தீபக் ஸ்டேட்டஸ் வைத்தான். ஃப்ளெக்ஸில் பதக்கத்தின் மேல் சிங்கம் வந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் தர்மகர்த்தாவின் பெண்சாதி பச்சையம்மா. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு," என்றாள். நாற்பது வருஷமாக அந்தக் கோயிலில் கூழ் காய்ச்சுகிறவள், அதைக் கிட்டத்தில் பார்த்தது இல்லையாம். கையில் வாங்கி, எடை பார்ப்பது மாதிரி தூக்கிப் பார்த்தாள். "இவ்ளோ லேசா இருக்குது," என்றாள். "இதுக்கா ஒங்க சித்தப்பா அவ்ளோ மொறப்பா நடந்தாரு?" பிறகு எங்கள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று முந்தானையில் குத்திப் பார்த்துக்கொண்டாள். அடுத்து அவள் மருமகள். அடுத்து மகளிர் குழு மொத்தமும். வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டது நான். கெஸ்ட் ஹவுஸிலும் டீ, வீட்டிலும் டீ. எனக்கு எரிச்சல். பதக்கம் என்னுடையது, இவர்கள் எதற்கு வரிசையில் நிற்கிறார்கள்? அம்மா அவர்களோடு உட்கார்ந்து ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கவனிக்கவில்லை. அவள் பேச்சில் கவனிக்க என்ன இருக்கப் போகிறது?

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. பரிவட்டம் இல்லாவிட்டால் போகட்டும், கூழ் வார்க்கிற அன்றைக்கு நான் அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நடப்பேன். யார் என்ன செய்வார்கள்? புதுச் சுடிதார் தைத்தேன். தலைக்குக் குளித்து, மை வைத்து, அலமாரியைத் திறந்தால் டப்பா காலி.

கோயிலுக்கு ஓடினேன். சித்தப்பா பரிவட்டத்தோடு புறப்பட்டுவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அதே முறைப்பு நடை. பின்னால் மேளம். மேளத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. பெண்கள் எல்லோரும் கோயில் வாசலிலேயே தலையில் பானையோடு நிற்கிறார்கள். சித்தப்பா பம்ப் செட் திருப்பம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா, வாங்க," என்று கத்தினார்.

"நீ போப்பா," என்றாள் பச்சையம்மா. "தலைவி இன்னும் பொறப்படல."

அப்போதுதான் அம்மா கோயிலுக்குள்ளிருந்து வந்தாள். தலையில் பெரிய பானை. வெள்ளைப் புடவை இல்லை, கல்யாணத்தன்று கட்டின மாம்பழக் கலர் புடவை. இடது தோளில் பதக்கம், பூ நேராக இருக்கும்படி. எழுபது வருஷமாக அதைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் படியிறங்கினாள், எல்லாப் பானையும் அவள் பின்னால் நகர்ந்தது. மேளக்காரர்கள் ஒரு நிமிஷம் சித்தப்பாவைப் பார்த்தார்கள், ஒரு நிமிஷம் கூழைப் பார்த்தார்கள், திரும்பி வந்து அம்மா முன்னால் நின்று அடிக்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா பரிவட்டத்தோடு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். அப்புறம் அவரும் வந்து கூட்டத்தில் நடந்தார். தர்மகர்த்தா என்ன செய்தார் என்கிறீங்களா? சிரித்தார்.

ஊரே என்னிடம் வந்து, உன் அம்மா எப்படி நடந்தாள் பார்த்தியா என்கிறது. பார்த்தேன். நல்லாத்தான் நடந்தாள். ஆனால் கேளுங்க அக்கா, நியாயத்தைச் சொல்லுங்க. கூட்டத்தில் எழுந்து பேசினது யார்? தேய்த்தது யார்? மோரி சாரைக் கூட்டி வந்தது யார்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என் பதக்கத்தைக் கொடு என்று. அம்மா பானையைக் கவிழ்த்துக்கொண்டே சொல்கிறாள்.

"அதுல இன்னாடி எழுதியிருக்குது?"

"மகளிர் சங்கம்."

"எழுத்துல என்ன இருக்கோ அதுதான்னு சொன்னது நீதான? அது சங்கத்துது. குழுவுல எல்லாரும் பேசி முடிச்சுட்டோம். வருஷத்துக்கு ஒருத்தி குத்திக்குவோம். அடுத்த வருஷம் பச்சையம்மா."

"அப்ப என்னையும் குழுவுல சேத்துக்கோ."

"ஒனக்குப் பதினேழுதான ஆவுது," என்றாள். "பதினெட்டு முடியணும்டி. ரூல்ஸு."